சரியாத சரிவு

ஒரு செயல் தீங்கின்றி முடிந்துவிட்டது என்பதாலேயே அது நேரிய செயல் ஆகிவிடுமா? இக்கேள்வியை நம்மில் பெரும்பாலோர் கேட்பதில்லை. தீங்கு விளைந்த பிறகே நம் மனச்சான்று விழித்துக்கொள்கிறது. ஒப்புரவு அருட்சாதனத்துக்கு முன் ஆன்ம சோதனை செய்யும்போதுகூட, நம்மால் பிறருக்கு நேர்ந்த துன்பங்களையே எண்ணிப் பார்க்கிறோம். நேர்ந்திருக்கக்கூடிய, ஆனால் ஏதோ ஒரு காரணத்தால் நேராமற்போன துன்பங்கள் நம் கணக்கில் வருவதே இல்லை. இதைச் சிந்திப்பதற்கு, நம் அன்றாட வாழ்வுக்கு வெகுதொலைவிலுள்ள ஓரிடத்துக்கு வாசகரை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். இடம் ஆல்ப்ஸ் மலைத்தொடர். காலம் குளிர்காலம். வெண்பனி போர்த்திய மலைச்சரிவுகளின்மீது பருவத்துக்கு ஒவ்வாத பெருமழையொன்று பெய்து ஓய்ந்திருக்கிறது.

சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே, 2,469 மீட்டர் உயரத்தில், பெரிய புனித பெர்நார்து கணவாய் உள்ளது. 11ஆம் நூற்றாண்டில் மெந்தோன் நகர்ப் புனித பெர்நார்து அங்கே வழிப்போக்கர்களுக்கென ஒரு விடுதியை நிறுவினார். (கிளர்வோ நகரின் மறைவல்லுநரான புனித பெர்நார்து வேறு, இவர் வேறு.) புனித அகுஸ்தீனாரின் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக அந்த விடுதியைக் காத்து வருகின்றனர். 1964ஆம் ஆண்டு முதல் வாகனங்கள் மலையின் அடியில் குடையப்பட்ட சுரங்கப்பாதை வழியே சென்றுவிடுகின்றன. எனினும் குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளை அணிந்தோ, பனியில் புதையாத அகன்ற காலணிகளை மாட்டிக்கொண்டோ விடுதிவரை ஏறிச் செல்வோர் இன்றும் பலர். வடக்கேயிருந்து ஏறும் பாதையின் இறுதிப் பகுதிக்கு ‘இறந்தோர் பள்ளத்தாக்கு’ என்று பெயர். அப்பெயர் கவிஞர் எவரும் சூட்டியதன்று.

வெண்பனியை நேரில் கண்டிராத நாம் அதனைப் பஞ்சுபோன்ற ஒரே பொருளாகக் கற்பனை செய்கிறோம். உண்மை அதுவன்று. ஒவ்வொரு பனிப்பொழிவும் தனித்தனி அடுக்காகப் படிகிறது. குளிர்காலம் முழுவதும் அடுக்கின்மேல் அடுக்கு ஏறுகிறது. அவை ஒன்றோடொன்று நன்கு பிணைந்திருந்தால் சரிவு அசையாது நிற்கும். இடையில் ஓர் அடுக்கு வலுவிழந்திருந்தால், மேலுள்ளவை அனைத்தும் ஒரு பெரும் பலகைபோலப் பெயர்ந்து சறுக்கும். இதுவே பனிச்சரிவு. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளிலேயே இது மிகுதியாக நிகழ்கிறது. மனிதர்கள் ஏறவும் சறுக்கவும் விரும்புகிற சரிவுகளும் பெரும்பாலும் அவைதாம்.

இதன்மேல் மழை பெய்தால் என்ன ஆகும்? புதுப்பனியினுள் இறங்கும் நீர் இரு தீங்குகளை ஒருங்கே செய்கிறது. தன் எடையைச் சுமையாக ஏற்றுகிறது. பனித்துகள்களை ஒன்றோடொன்று இணைத்திருந்த பிணைப்புகளைக் கரைக்கிறது. சுமை கூடும் அதே வேளையில் தாங்கும் வலிமை குறைகிறது. ஆகவே உலர்ந்த புதுப்பனியின்மீது மழை விழத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே சரிவுகள் உடைவதுண்டு. கீழிறங்கும் நீர் பழைய பனிக்கட்டி அடுக்கு ஒன்றைச் சந்தித்தால் அதைக் கடக்க இயலாமல் அதன்மேல் பரவி, அங்கே வழுக்குதளம் ஒன்றை உருவாக்குகிறது. இவையனைத்தும் பார்வைக்கு எட்டாத ஆழத்தில் நிகழ்கின்றன. மேலே நிற்பவனுக்குத் தெரிவது சற்றே சாம்பல் படிந்த, மழையால் வரி வரியாகக் கீறப்பட்ட வெண்பரப்பு மட்டுமே.

மழை ஓய்ந்து, இரவில் வானம் தெளிந்தால் காட்சி மாறுகிறது. பனிப்பரப்பு தன் வெப்பத்தைத் திறந்த வானுக்கு இழந்து கெட்டியாக உறைகிறது. விடியற்காலையில் அதன்மீது கால் வைத்தால் பளிங்குத் தரைபோல் தாங்கும். வழுக்கி விழுந்தால் நிற்க முடியாது என்ற இடர் உண்டே தவிர, சரிவு பெயர்ந்துவரும் அச்சம் அவ்வேளையில் குறைவு. ஆனால் கதிரவன் மேலெழுந்து அந்த உறைந்த ஓடு இளகியதும், உள்ளே தேங்கியிருக்கும் ஈரம் மீண்டும் தன் வேலையைத் தொடங்குகிறது. காலையில் ஏறிய பாதையில் நண்பகலில் இறங்குகிறவன் வேறொரு மலையில் இறங்குகிறான். இரவு முழுவதும் மேகம் மூடியிருந்தாலோ, அந்தக் காலைநேரப் பாதுகாப்புகூடக் கிடைப்பதில்லை. எனவேதான் அனுபவமிக்க மலை வழிகாட்டிகள் இரவில் எழுந்து விண்மீன்கள் தெரிகின்றனவா என்று பார்க்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. மழைக்குப்பின் கடுங்குளிர் நிலைத்துவிட்டால் அந்த ஓடு பனிக்கட்டித் தகடாக இறுகிவிடும். அதன்மேல் புதுப்பனி விழுந்து மூடிவிடும். தகட்டை ஒட்டிய பனித்துகள்கள் நாளடைவில் சர்க்கரைபோல உதிரியாகி, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் திறனை இழக்கக்கூடும். மழை பெய்ததையே எல்லாரும் மறந்துவிட்ட ஒரு நாளில், சில வாரங்கள் கழித்து, ஒரு மனிதனின் எடை அதன்மேல் விழும், அனைத்தும் பெயரும். மண்வெட்டியால் பனியில் குழி தோண்டி அதன் சுவரை ஆராய்பவர்கள் அந்தப் பழைய மழையை மெல்லிய கோடாகக் காண்கிறார்கள். மனிதர் மறந்ததைப் பனி மறப்பதில்லை.

இப்பொழுது நம் கேள்விக்கு வருவோம். மழை பெய்த மறுநாள் முற்பகலில், வெயில் ஏறிய நேரத்தில், நால்வர் அத்தகைய சரிவொன்றைக் குறுக்கே கடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எச்சரிக்கைகளை அறிந்திருந்தும் பொருட்படுத்தவில்லை. ஒன்றும் நிகழவில்லை. மறுபுறம் சேர்ந்து, நிழற்படம் எடுத்து, சிரித்துப் பேசி ஊர் திரும்புகிறார்கள். அரைமணி நேரம் கழித்து வேறு நால்வர் வருகிறார்கள். பனியில் பதிந்த தடத்தைக் கண்டு, ‘நமக்கு முன்னே சென்றவர்கள் கடந்திருக்கிறார்களே’ என்று துணிந்து அதே தடத்தில் நடக்கிறார்கள். சரிவு உடைகிறது. இருவர் மாண்டுபோகிறார்கள். நாளிதழ்கள் இரண்டாம் குழுவினரை மதியற்றவர்கள் என்று கடிந்துகொள்ளும். முதற் குழுவினரைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் சொல்லமாட்டார்கள். அவர்கள் அடுத்த ஆண்டும் வருவார்கள். ‘இந்தச் சரிவு எங்களுக்குப் பழக்கமானது’ என்றும் சொல்வார்கள்.

இவ்விரு குழுவினருள் குற்றம் மிகுந்தவர் யார்? ஏறத்தாழ இதே கேள்வியை ஆண்டவர் இயேசு ஒருமுறை எழுப்பினார். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து இறந்த 18 பேரும், எருசலேமில் வாழ்ந்த மற்ற எல்லாரையும்விடக் கொடிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியன்று என்று அவரே மறுமொழி கூறியதை லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இப்பகுதியை இறந்தவர்களுக்கு ஆறுதலாகவே நாம் பெரும்பாலும் விளக்குகிறோம். ஆனால் ஆண்டவர் அங்கே உரையாடியது இறந்தவர்களோடு அல்லவே! கோபுரம் தம்மீது விழாத மக்களோடுதான். தாங்கள் உயிரோடிருப்பதையே தங்கள் நேர்மைக்குச் சான்றாகக் கொண்டவர்களை நோக்கித்தான் மனமாற்றத்துக்கான அழைப்பு விடுக்கப்பட்டது.

திருச்சபையின் அறநெறி இதில் தெளிவாக இருக்கிறது. ஒரு செயலை மதிப்பிடும்போது அச்செயல் எத்தகையது, அதன் நோக்கம் யாது, சூழ்நிலைகள் எவை என்ற மூன்றையும் நோக்க வேண்டும். விளைவுகளும் சூழ்நிலைகளுள் அடங்கும். அவை ஒரு செயலின் நன்மையையோ தீமையையோ கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் செயலின் அறத்தன்மையையே மாற்றிவிட அவற்றால் இயலாது. 1992ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட மறைக்கல்வி நூல், குடிபோதையாலோ வேகமோகத்தாலோ சாலையிலும் கடலிலும் வானிலும் தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குவோர் பெருங்குற்றம் புரிகிறார்கள் என்று கற்பிக்கிறது. கவனியுங்கள்: விபத்தை விளைவிப்போர் என்றன்று, ஆபத்துக்குள்ளாக்குவோர் என்று. குடித்துவிட்டு வாகனம் ஓட்டி, ஒருவர்மீதும் மோதாமல் வீடு வந்து சேர்ந்து, மறுநாள் ஞாயிறு திருப்பலியில் நிம்மதியாக அமர்ந்திருப்பவர் இதை எண்ணிப் பார்த்ததுண்டா? அவருக்கும் சிறையில் இருப்பவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு, அந்நேரத்தில் சாலையைக் கடக்க ஒரு குழந்தை வரவில்லை என்பது மட்டுமாக இருக்கக்கூடும்.

மலைப்பனி இதில் நமக்குச் சிறந்த பாடமாகக் காரணம், அது மிக மோசமான ஆசிரியராக இருப்பதுதான். நெருப்பு உடனே சுடுகிறது, குழந்தை கற்றுக்கொள்கிறது. பனிச்சரிவோ அவ்வாறு தண்டிப்பதில்லை. தவறான முடிவெடுத்துப் பலமுறை கடந்தாலும் பெரும்பாலான வேளைகளில் அது பேசாமலிருக்கும். ஒவ்வொரு முறையும் மனிதன், ‘நான் சரியாகக் கணித்தேன்’ என்ற முடிவுக்கு வருகிறான். இவ்வாறு அவன் சேர்த்து வைப்பதை அனுபவம் என்று அழைக்கிறான். உண்மையில் அது தவறுகளின் சேமிப்பாக இருக்கலாம். இயன் மெக்கம்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், 700க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளின் பதிவுகளை ஆராய்ந்தார். பழகிய இடம் என்ற நம்பிக்கை, கூட்டத்தில் ஒருவரைத் தேர்ந்தவர் என்று கருதி அவர் பின்னே செல்லுதல், கொண்ட திட்டத்தைக் கைவிட மனமின்மை, மற்றவர் முன்னிலையில் தயங்க வெட்கம் ஆகியவை மனிதரைச் சிக்கவைக்கும் கண்ணிகள் என்று அவர் எடுத்துக்காட்டினார். பயிற்சி பெற்றவர்களும் பழகிய இடங்களில் இவற்றுக்கு விலக்கல்லர். உல்லாசப் பயணிகள் சிக்கும் பனிச்சரிவுகளில் பத்தில் ஒன்பது பங்கு, சிக்கியவராலோ அவர்தம் குழுவினராலோ தூண்டப்பட்டவையே என்பதும் நீண்டகாலமாக அறியப்பட்ட செய்தி.

ஐரோப்பிய நாடுகள் 1993 முதல் பனிச்சரிவு அபாயத்தை 5 நிலைகளாக வகுத்து அறிவிக்கின்றன. சுவிட்சர்லாந்தில் இறப்புகள் மிகுதியாக நிகழ்வது 4ஆம், 5ஆம் நிலைகளில் அன்று. நடுவிலுள்ள 3ஆம் நிலையில். மிகுந்த அபாயம் அறிவிக்கப்படும்போது மனிதர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். 2018ஆம் ஆண்டு சனவரியில் செர்மாட் ஊரின் சாலையும் இருப்புப்பாதையும் பனிச்சரிவு அச்சத்தால் அடைக்கப்பட்டபோது, ஏறத்தாழ 13,000 சுற்றுலாப் பயணிகள் அங்கேயே தங்கிக் காத்திருந்தனர். எல்லாரும் நின்றுவிட்ட இடத்தில் நிற்பது எளிது. சிலர் போகிறார்கள், சிலர் திரும்புகிறார்கள் என்ற நிலையில்தான் மனச்சான்றுக்கு வேலை.

புனித தாமஸ் அக்குவினாஸ் விவேகத்தைத் தலையாய நற்பண்புகளுள் முதன்மையானதாக வைத்தார். அதன் உறுப்புகளாக அவர் எண்ணியவை எட்டு. அவற்றுள் மூன்று மலைப்பயணிக்கென்றே சொல்லப்பட்டவைபோலத் தோன்றுகின்றன. முதலாவது நினைவாற்றல். சென்ற வாரம் பெய்த மழையை நினைவிற்கொள்வது. நினைவு என்பது நடந்ததை நடந்தபடியே வைத்திருப்பது. நமக்கு இசைவாகத் திருத்தி வைத்திருப்பதன்று. அடுத்தது கற்கும் பணிவு. தனி மனிதர் ஒருவரால் அனைத்தையும் ஆராய்ந்தறிய இயலாது என்பதால், மூத்தோரிடமும் அறிந்தோரிடமும் கேட்டறிய வேண்டும் என்கிறார் அவர். எச்சரிக்கை அறிக்கையை வாசிப்பதும், விடுதித் துறவியிடம் பாதையைப் பற்றிக் கேட்பதும், கேட்டபின் அதன்படி நடப்பதும் இதில் அடங்கும். மூன்றாவது சூழல் நோக்கு. தன்னளவில் நல்லதொரு செயல், சூழ்நிலையால் தகாததாகிவிடலாம். காலை 6 மணிக்கு நேரியதாக இருந்த அதே பாதை 11 மணிக்குத் தகாததாகிவிடுவதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் அறியேன்.

‘இறைவன் காப்பார் என்ற நம்பிக்கை இருந்தால் போதாதா?’ என்று பக்தியுள்ள ஒருவர் வினவலாம். அலகை நம் ஆண்டவரை எருசலேம் கோவிலின் உயர்ந்த பகுதிக்கு அழைத்துச் சென்று, கீழே குதிக்குமாறு தூண்டியபோது மேற்கோள் காட்டியது திருப்பாடலைத்தான். வானதூதர் தாங்கிக்கொள்வர் என்ற வாக்குறுதி பொய்யன்று. அதைச் சோதனைக்கருவியாக்குவதையே ஆண்டவர் மறுத்தார். கையருகே உள்ள அறிவையும் எச்சரிக்கையையும் ஒதுக்கிவிட்டு, அவை தரவேண்டிய பாதுகாப்பை இறைவன் நேரடியாகத் தரட்டும் என எதிர்பார்ப்பது நம்பிக்கையன்று. புனித தாமஸ் அதை இறைவனைச் சோதித்தல் என்ற பாவமாகவே வகைப்படுத்துகிறார்.

அப்படியானால் மலைமீது ஏறாதிருப்பதே அறமா? அதுவும் அன்று. 1889ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அக்கில்லே ராத்தி என்ற 32 வயதுக் குருவானவர், தோழர் ஒருவருடனும் வழிகாட்டிகளுடனும் மோன்தே ரோசா மலையின் கிழக்கு முகத்தின் வழியே அதன் உச்சிக்கு ஏறினார். எட்டு ஆண்டுகளுக்கு முன், 1881இல், அதே மலைமுகத்தில் மரினெல்லி என்ற மலையேறியும் அவருடைய வழிகாட்டிகள் இருவரும் பனிச்சரிவில் மாண்டிருந்தனர். ராத்தியின் குழுவினர் இரவானதும் மேலும் நகராமல், உச்சியருகே ஒரு பாறை விளிம்பில், கடுங்குளிரில் உறங்காமல் விடியலுக்காகக் காத்திருந்தனர். பின்னாளில் 11ஆம் பத்திநாதர் என்ற பெயரில் திருத்தந்தையான இவரே, 1923ஆம் ஆண்டு, மெந்தோன் நகர்ப் புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். மலையேற்றம் முரட்டுத் துணிச்சலன்று என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இருட்டில் ஒரு விளிம்பில் நின்றுவிட்டவர் அதைச் சொல்வதற்கு உரிமையுள்ளவர்.

அன்புக்காக ஏற்கும் ஆபத்தும் உண்டு. பெரிய புனித பெர்நார்து துறவியருள் ஒருவரான அருளாளர் மவுரீஸ் தொர்னே, திபெத்திய எல்லையில் பணியாற்றச் சென்று, தம் மக்களுக்காக லாசா நோக்கிப் பயணம் மேற்கொண்டார். 1949இல் ஒரு மலைக்கணவாயின் அருகே அவர் கொல்லப்பட்டார். அவர் அறியாமல் சென்றவர் அல்லர். ஒருவர் எதன் பொருட்டு, யாருடைய உயிரைப் பணயம் வைத்துச் செல்கிறார் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. தனக்கு மட்டுமே உரியது என்று மலைப்பயணி எண்ணும் ஆபத்து உண்மையில் அவருக்கு மட்டும் உரியதன்று. பனியில் புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10, 15 நிமிடங்களுக்குப்பின் விரைந்து குறைகிறது. ஆகவே அருகிலிருக்கும் தோழர்களே தோண்ட வேண்டும். அதே சரிவின் கீழே நின்றுகொண்டு தோண்ட வேண்டும். பின்னர் மீட்புக்குழுவினர் வருவர். அவர்களுக்கும் மனைவி மக்கள் உண்டு. முற்காலத்தில் இப்பணியை விடுதித் துறவியரும் பணியாளரும் அவர்தம் நாய்களும் செய்தனர். (1800 முதல் 1814 வரை வாழ்ந்த ‘பாரி’ என்ற நாய் 40க்கும் மேற்பட்டோரை மீட்டதாகச் சொல்வதுண்டு. கழுத்தில் சாராயப் பீப்பாய் தொங்கியது ஓவியரின் கைவண்ணம்.) மீட்கச் சென்ற துறவியர் சிலரும் திரும்பவில்லை.

அந்த விடுதியின் அருகே பழைய பிணவறை ஒன்று உண்டு. பாறை நிலமும் உறைபனியும் குழி தோண்ட இடமளிக்காததால், மலையில் இறந்து எவரும் உரிமை கோராத உடல்களைத் துறவியர் அங்கே வைத்தனர். குளிர்ந்த உலர்காற்றில் அவை அழுகாமல், கண்டெடுக்கப்பட்ட நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் இருந்தன. குழந்தையை மார்போடு அணைத்த தாயொருத்தியும் அவர்களிடையே இருந்ததை 19ஆம் நூற்றாண்டுப் பயணிகள் எழுதியிருக்கிறார்கள். சார்லஸ் டிக்கன்சின் ‘லிட்டில் டாரிட்’ புதினத்திலும் அவள் இடம்பெறுகிறாள். அவர்களுள் எத்தனை பேர் அதே கணவாயை முன்னர்ப் பலமுறை நலமாகக் கடந்தவர்களோ, எத்தனை பேர் வேறு வழியின்றி அந்நாளில் புறப்பட்ட ஏழைகளோ, கேட்டறிய வழியில்லை. அவ்வறை பின்னர்ச் சுவரெழுப்பி மூடப்பட்டது.

அதனருகே உள்ள விடுதியின் கதவு ஆண்டு முழுவதும் திறந்தே இருக்கிறது. பனியில் நனைந்து உள்ளே வருகிறவரிடம், இன்று புறப்பட்டது சரியா என்று துறவியர் கேட்பதில்லை. சூடான தேநீரைத்தான் முதலில் தருகிறார்கள்.